இருபது அழகிய செல்கள்

பதினொன்றே முக்காலுக்கு நஸ்ரின் ஸ்லைடுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த சத்தமே மங்களேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் போடத்தான் தெரியும், வைக்கத் தெரியாது. "மார்ச் மாசத்து நூத்திப் பதினெட்டு மேடம். மூணு ஸ்லைடு இருந்துச்சு. ஒண்ணுல ஓரம் உடைஞ்சிருக்கு" என்றாள் நஸ்ரின். "யார் உடைச்சது?" "நான் இல்ல மேடம்." "நீயான்னு நான் கேக்கலையே." அதற்குப் பிறகும் அவள் போகவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "டாக்டரே புதுசா வந்ததுன்னுதான் சொல்றாரு மேடம். சும்மா ஒரு பார்வை பாத்துட்டு அப்படியே போட்டுடலாம்" என்றாள். இருபத்தைந்து வயதுப் பெண் ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு அனுதாபம் காட்டுகிறாள். அந்த அனுதாபத்தைப் பஞ்சால் துடைத்துக் கூடையில் எறியலாம் போலிருந்தது. "உன் வேலையைப் போய்ப் பாரு." போனாள். செருப்பைத் தேய்த்துக்கொண்டே போனாள். மங்களேஸ்வரி பெட்டியைத் திறந்தாள். மூன்று ஸ்லைடுகளிலும் தன் கையெழுத்து, பென்சிலில், எறும்பு வரிசை மாதிரி நேராக. நூற்றுப் பதினெட்டு. விருதுநகர்க்காரன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், பெயர் காசிராஜன், வயது முப்பத்து நான்கு. மார்ச் மாதம் ரத்தப் புற்றுநோய் என்று வந்தான். எலும்பு மஜ்ஜையை எடுத்து இந்தக் குரோமோசோம் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அவள் இருபது செல்களைப் பார்த்தாள், குரோமோசோம்களில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மருந்து ஏற்றினார்கள், மே மாதம் ரத்தம் தெளிந்தது, ஆகஸ்டில் நோய் திரும்பிவிட்டது. போன வாரம் எடுத்த மஜ்ஜையை நஸ்ரின் பார்த்தாள். மூன்றாம் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். மார்ச்சில் இல்லாதது ஆகஸ்டில் எப்படி இருக்கிறது? அதுதான் கேள்வி. புதிதாக வந்தது என்கிறார் டாக்டர் வில்வநாதன்.

புதிதாக வந்தது. எவ்வளவு சௌகரியமான சொல். நோய் திரும்பும்போது புதுக் கோளாறுகளோடு வருவது உண்டுதான், யாரும் குறை சொல்ல முடியாது. காலையில் போனில் அவர் பேசியதே அந்தத் தொனியில்தான்: "புதுசாத்தான் வந்திருக்கும் மேடம். நீங்க பாத்துத் தப்புமா? இருந்தாலும் ஒரு மணி மீட்டிங்குக்கு முன்னாடி பழைய ஸ்லைடை ஒரு கண்ணு பாத்துடுங்க." நீங்கள் பார்த்துத் தப்புமா! முப்பத்திரண்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பற்றி எல்லாரும் சொல்லும் வாசகம் அது. அந்த வாசகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் அவள் மற்றவர்களைக் கீழே பார்த்துவந்தாள். ஒரு மணிக்கு அந்த மூன்றாவது மாடி அறையில் ஏழு பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். கோளாறு புதிது என்றால், நோய் முதல் தடவை மருந்துக்குக் கட்டுப்பட்டது என்று அர்த்தம், அதே மருந்தை இன்னும் பலமாக ஏற்றலாம், மூன்று நான்கு வாரம் பார்க்கலாம். மார்ச்சிலேயே இருந்தது என்றால், அது அந்த மருந்துக்கு எப்போதும் சரியாகக் கட்டுப்படவில்லை, பதுங்கியிருந்தது. அதே மருந்தை மறுபடி ஏற்றுவது வீண். வேறு மருந்து கொடுத்து, நேராக அண்ணன்காரனின் மஜ்ஜையை மாற்றுவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அண்ணன் பொருந்துகிறான் என்று ஏப்ரலிலேயே தெரியும். லாரிக்காரனிடம் நான்கு வாரம் இருக்கிறதா இல்லையா என்பது இந்தக் கண்ணாடிச் சில்லில் இருக்கிறது. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பொருத்தி எண்ணெயை ஒரு சொட்டு விட்டாள். லென்ஸை இறக்கினாள். எண்ணெய் லென்ஸைத் தொடும்போது ஒரு சின்ன ஒளி வட்டம் சட்டென்று விரியும், அதை மட்டும் அவளால் இன்றுவரை வெறுக்க முடிந்ததில்லை.

முதலில் தன்னுடைய இருபதைத் தேடினாள். ஒவ்வொரு செல்லும் ஸ்லைடின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அப்போதே எண் குறித்து வைத்திருந்தாள். நேரே போய் நின்றால் போதும். முதல் செல். நாற்பத்தாறு குரோமோசோம்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், விரித்துப்போட்ட பாயில் படுத்திருப்பதுபோல. பட்டைகள் கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று பென்சிலால் கோடு போட்டது மாதிரி. மூன்றாம் ஜோடி இரண்டும் ஒன்றே போல, ஒரு குறையும் இல்லை. இரண்டாவது, குறையில்லை. ஏழாவது செல், ஆகா, அந்த ஏழாவது. அதைத்தான் ஜூலை மாதப் பயிற்சி வகுப்புக்கு வில்வநாதன் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். குரோமோசோம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். அன்றைக்கு அவர் கொடுத்த விளக்கம் இருக்கிறதே. "உங்க வீட்டு வயரிங் மாதிரி நினைச்சுக்கோங்க. ஹால் சுவிட்சைப் போட்டா மோட்டார் ஓடுது, அதுதான் ரத்தப் புற்றுநோய்." பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் ஒரு வீடு, ஒரு சுவிட்சு, ஒரு நூலகம், ஒரு போர்ப்படை. உள்ளதை உள்ளபடி சொன்னால் புரியாதா? அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற ஆறடி நீள நூல். அந்த நூல் மணிமணியான புரதங்களின் மேல் சுற்றியிருக்கிறது. நூலும் மணியும் சேர்ந்ததற்குக் குரோமாட்டின் என்று பெயர். இறுகச் சுற்றிய இடத்தில் இருக்கும் மரபணு வாயைத் திறக்காது, தளர்ந்த இடத்தில் இருப்பது வேலை செய்யும். எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதைத் தூண்டிவிட நூலிலேயே அங்கங்கே சில துண்டுகள் உண்டு. தூண்டும் துண்டு ஓரிடத்தில் இருக்கும், மரபணு வெகு தூரத்தில் இருக்கும். நூல் வளைந்து வளையமாகி இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். வளையத்துக்கு எல்லை உண்டு. எல்லைக்குள் இருப்பதைத்தான் அது தூண்டும். அவ்வளவுதான். இதற்கு எதற்கு மோட்டார்?

அந்தத் துண்டுக்குப் புத்தி கிடையாது, அதுதான் விஷயம். பதினோராவது செல்லைப் பார்த்துக்கொண்டே அவள் நினைத்தாள். தன் எதிரில் எந்த மரபணு நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. எது நிறுத்தப்பட்டிருக்கிறதோ அதைத் தூண்டும். மூன்றாம் குரோமோசோமின் நீளக் கையில், அதாவது இடுப்புக்கு ஒரு பக்கம் நீண்டிருக்கும் பகுதியில், இரண்டு இடத்தில் நூல் அறுந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி, மறுபடி ஒட்டிக்கொண்டால், நூலில் எழுதியிருக்கும் மரபு எழுத்தில் ஒன்றுகூடத் தொலையாது. எல்லா மரபணுக்களும் முழுசாக இருக்கும். ஆனால் காட்டா என்ற மரபணுவைத் தூண்ட வேண்டிய துண்டு இப்போது எவி என்ற இன்னொரு மரபணுவின் பக்கத்தில் போய் விழுந்திருக்கும். எவி, ரத்தச் செல் குழந்தையாக இருக்கும்போது மட்டும் பேசிவிட்டு அடங்க வேண்டியது. இப்போது அடங்காது. இரவும் பகலும் பேசிக்கொண்டே இருக்கும். காட்டாவின் குரல் பாதியாகக் குறையும். செல் வளராது. வளராமலே பெருகும். வேலை ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் கூட்டம் மட்டும் சேர்க்கும். வேறு சில ரத்தப் புற்றுநோய்களில் துண்டு இடம் மாறாது, மணிகளை இறுக்குவதும் தளர்த்துவதுமான புரதங்களே கெட்டுப்போகும், மூட வேண்டியது திறந்து கிடக்கும், திறக்க வேண்டியது மூடிக் கிடக்கும். எல்லாம் ஒரே ஒழுங்கீனம்தான். எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் நாசமாவது. அவளுக்கு அந்த நோயின் மேல் ஒருவித அலட்சியமே இருந்தது. சுயமாக ஒன்றையும் செய்யத் தெரியாத நோய், இருப்பதை இடம் மாற்றி வைத்துக்கொண்டு ஆட்டம் போடுகிறது, அலுவலகத்தில் சில பேர் இல்லையா, அந்த மாதிரி.

இருபதாவது செல்லும் முடிந்தது. குறையில்லை. இருபதிலும் குறையில்லை. நியாயமாக அவள் மூச்சு விட்டிருக்க வேண்டும். எழுந்து, புதிதாக வந்தது என்று எழுதி அனுப்பிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் இருபதும் எவ்வளவு அழகாக இருக்கின்றன. அதில் போய் மனசு மாட்டிக்கொண்டது. சேலை நுனி கதவு ஆணியில் மாட்டுவதுபோல. இருபதும் அழகு. ஒன்றுகூடக் குட்டையாக, மங்கலாக, முடி முளைத்தது மாதிரி ஓரம் கலங்கி இல்லை. ரத்தப் புற்றுநோய்க்காரனின் மஜ்ஜையில் இருபதுக்கு இருபது எப்படி அழகாக இருக்கும்? நோய்ப்பட்ட செல்லின் குரோமோசோம்கள் அழகாக விரியாது. குறுகிப்போய், பட்டை தெரியாமல், ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு கிடக்கும். ஆரோக்கியமான செல்தான் போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி உட்காரும். ஆகவே அழகானதைத் தேடித் தேடி எடுத்தால், நோய் இல்லாத செல்லையே தேடித் தேடி எடுத்ததாகும். இது இந்த வேலையின் முதல் பாடம். கண்ணில் படுகிற வரிசையில் எடு, அசிங்கமாக இருக்கிறது என்று ஒன்றைத் தாண்டிப் போகாதே. வருகிற ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் முதல் நாள் அவள் சொல்வது அதுதான். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொல்வாள், அவர்கள் பயப்படுவதற்காக. நஸ்ரினுக்கும் அப்படித்தான் சொன்னாள். அந்தப் பெண் அதை அப்படியே நம்பி, வந்த வரிசையில் அள்ளிக்கொண்டு வந்தது. என்ன இது, குப்பை பொறுக்கினாயா என்று போன வாரம்கூடத் திட்டினாள். "வரிசையாத்தான் எடுத்தேன் மேடம்" என்றது. குப்பைக்குள்தான் மூன்றாம் குரோமோசோம் இருந்தது.

இல்லை, நான் தாண்டியிருக்க மாட்டேன். மார்ச் மாதம் என்ன நடந்தது? மார்ச்சில் வெயில், குளிர்சாதனம் பழுது, சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. இல்லை, அது பிப்ரவரி. மார்ச்சில் சாயம் நன்றாகவே பிடித்திருந்தது, அதனால்தான் ஏழாவது செல் அப்படி அமைந்தது. அந்த மாதம் வில்வநாதன் வந்து, "பயிற்சி வகுப்புக்கு நல்ல படமா நாலு வேணும் மேடம், உங்க கைபட்டதா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் கைபட்டதாக. அந்த ஒரு சொல்லுக்கு அவள் எப்படிப் பல்லைக் காட்டியிருக்க வேண்டும் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. தம்பிக்குப் பெண் பார்த்தபோது வந்த போட்டோக்களை இப்படித்தான் ஒதுக்கினாள். பல் சரியில்லை, நெற்றி அகலம், இது நம் ஜாடையே இல்லை. பதினேழு போட்டோவை ஒதுக்கினாள். "அக்கா, உனக்குத் தங்கச்சி தேடுறியா, எனக்குப் பொண்டாட்டி தேடுறியா?" என்று தம்பி கேட்டான். காய்கறிக்கடையில் அவள் போனாலே கடைக்காரன் கூடையைப் பின்னுக்கு இழுப்பான். சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளினால் வீட்டுக்குச் சொத்தை வராது. சரிதான். ஆனால் இங்கே சொத்தையைத்தானே கண்டுபிடிக்கச் சொன்னார்கள்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணினி கிடையாது. போட்டோவில் இருக்கிற குரோமோசோம்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி சேர்த்து, பசை தடவி அட்டையில் ஒட்டுவார்கள். அவள் வெட்டியதில் ஓரம் பிசிறே இருக்காது. பிசிறில்லாமல் வெட்டுவதற்காகவே நல்ல போட்டோவாகப் பார்த்து எடுப்பாள். அப்போதே ஆரம்பித்துவிட்டதா? அப்படியானால் எத்தனை பேர்? இந்த நினைப்பு வந்ததும் கை ஸ்லைடை நகர்த்தும் திருகாணியிலிருந்து தானாக நழுவியது. வேண்டாம். அதை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது நூற்றுப் பதினெட்டு மட்டும்.

ஸ்லைடின் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கினாள். ஏர் பூட்டியதுபோல நேர்கோட்டில் போய், திரும்பி, அடுத்த கோடு. முதலில் வந்தது ஓர் அசிங்கம். குரோமோசோம்கள் ஈரத்தில் ஊறிய தீக்குச்சிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. மார்ச்சில் இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்து, சீ என்று திருகாணியைத் திருகியிருக்கிறாள். அந்தச் சீ இப்போதும் விரலில் இருந்தது, விரல் திருக ஆரம்பித்துவிட்டது, அதை நிறுத்த வேண்டியிருந்தது. நின்றாள். மூன்றாம் குரோமோசோம் எது? தேடினாள். ஒன்று கிடைத்தது, சரியாக இருக்கிறது. இன்னொன்று எங்கே? அதோ, கொஞ்சம் வளைந்து. குறுங்கை சரி. இடுப்பு சரி. நீளக் கையில், வெளுத்த பட்டை வர வேண்டிய இடத்தில், வேறு ஏதோ. கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். நடுவில் இருக்கும் பட்டைகளின் வரிசை பின்னாலிருந்து முன்னாகப் போகிறது. நீளம் மாறவில்லை, இடுப்பு மாறவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். முறுக்கத்தான் செய்யும் சில சமயம். அடுத்ததற்குப் போனாள். அடுத்தது இன்னும் அசிங்கம். அதிலும் அதே. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நான்காவதில் அதே. நெற்றியில் வியர்வை இறங்கிப் பொட்டைக் கலைத்தது, துடைக்கவில்லை. மருந்துக்கடையில் சில்லறை இல்லை என்று சொன்னதற்காக ஒரு கிழவரை நேற்று முறைத்தாள், அது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்? ஐந்தாவதில் அதே. ஆறாவதில். பதினொன்று வரை பார்த்தாள். பதினொன்றில் பத்து.

பத்து. மார்ச்சிலேயே இருந்தது. அவள் கண்ணுக்கு முன்னால், லென்ஸுக்குக் கீழே, எண்ணெய்க்கு அடியில் கிடந்தது. அவள் அதன் மேல் நடந்து போயிருக்கிறாள். மாதிரியை அன்றைக்குக் கொண்டுவந்து கொடுத்தது அவன் மனைவி, ஜன்னல் வழியாக, குழாயைக் கைக்குட்டையில் சுற்றி, முட்டை கொண்டுவருவதுபோல. "பத்திரமா பாருங்கக்கா" என்றாள். இங்கே யாரும் யாருக்கும் அக்கா இல்லை, டோக்கன் வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொன்னாள் மங்களேஸ்வரி. நஸ்ரின் சொன்னதும் சும்மா இல்லை. இந்த ஸ்லைடைப் பெட்டியில் வைத்து மூடினால் போதும். புதிதாக வந்தது. டாக்டரே சொல்கிறார். ஏழு பேரும் தலையாட்டுவார்கள். யாரும் வந்து இந்த மூலையில் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான், மாலை போடுவார்கள், நீங்கள் பார்த்துத் தப்புமா என்று மைக்கில் சொல்வார்கள். அவள் அந்த மேடையைத் தெளிவாகப் பார்த்தாள். மாலையின் ஜரிகை கழுத்தில் குத்துவதுகூடத் தெரிந்தது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்பிள்ளையைப் போல ஓர் அற்ப ஜென்மத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. வில்வநாதனையும் நஸ்ரினையும், நேற்று தான் முறைத்த அந்தக் கிழவரையும் எல்லாரையும் சேர்த்து வைத்தாலும் இவளுக்கு உறை போடக் காணாது. போனை எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்." "மார்ச்சிலயே இருந்துது டாக்டர்." "எதுல?" "நூத்திப் பதினெட்டுல. மூணாவது. திரும்பியிருக்கு. நான்தான் விட்டுட்டேன். நல்ல செல்லா பாத்து எடுத்திருக்கேன், இருபதும்." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். என்ன சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள், அவர் இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அத்தனைக்கும். "எத்தனை செல்லு?" "பதினொண்ணுல பத்து." "ரெண்டாவது ஆள் பாத்தாச்சா?" "இன்னும் இல்ல." "பாத்து அனுப்பிடுங்க மேடம், மீட்டிங்குக்கு வேணும்." பிறகு வாயை அந்தப் பக்கம் திருப்பி யாரிடமோ, "அந்த மருந்து ஆர்டரை நிறுத்தி வைங்கம்மா. காசிராஜனோட அண்ணன் எங்க இருக்காருன்னு கேளுங்க. இன்னைக்கே வரச் சொல்லுங்க" என்றார். போன் வைக்கப்பட்டது. அவ்வளவுதானா? ஒரு சுடுசொல்? ஒரு பெருமூச்சு? ஒன்றும் இல்லை. கீழே விழுந்ததை எடுத்து வைத்துவிட்டு மேலே வேலையைப் பார்க்கிறார்கள். திட்டியிருந்தால் திருப்பி மனசுக்குள் அவரை நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட இடம் வைக்காமல் போய்விட்டார், வயரிங் மனுஷன்.

"நஸ்ரின்." வந்தாள். "உக்காரு. இந்த ஸ்லைடைப் பாரு. பதினொண்ணு குறிச்சு வெச்சிருக்கேன். எதுல இருக்கு, எதுல இல்லன்னு நீயா சொல்லு. நான் எண்ணினதை உனக்குச் சொல்ல மாட்டேன்." நஸ்ரின் அந்த நாற்காலியைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக இரண்டு கண்குழல்களையும் தன் கண்ணகலத்துக்கு இழுத்து மாற்றினாள். முப்பத்திரண்டு வருடத்தில் அதை யாரும் தொட்டதில்லை. மங்களேஸ்வரி பின்னால் நின்றாள். நின்றுகொண்டு பார்த்தால் அந்தப் பெண்ணின் முக்காட்டுத் துணியில் ஒரு குண்டூசி கோணலாகக் குத்தியிருந்தது. சொல்லவில்லை. "ஒண்ணுல இருக்கு. ரெண்டுல இருக்கு. மூணுல இல்ல." நஸ்ரின் அவசரப்படவில்லை, ஒவ்வொன்றிலும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிதானித்தாள், சந்தை நாளில் துணி பார்க்கிறவள் மாதிரி. பத்து நிமிடம் ஆனது. "மேடம், ஒன்பதுல இருக்கு. மூணாவது சுத்தமா நார்மல். எட்டாவது எனக்குத் தெரியல." "தெரியலன்னா?" "முறுக்கிட்டுக் கிடக்கு. இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல." "தள்ளு." குனிந்து பார்த்தாள். கண்குழல் அகலம் மாறியிருந்ததால் முதலில் இரண்டு வட்டமாகத் தெரிந்தது, பிறகு ஒன்றாகச் சேர்ந்தது. எட்டாவது செல். அரைமணி நேரத்துக்கு முன்னால் இதில் அந்தப் பட்டை தலைகீழாக நின்றதை அவள் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். இப்போது பார்த்தால் குரோமோசோமின் நீளக் கை ஒரு முறுக்கில் இருக்கிறது, முறுக்குக்கு அந்தப் பக்கம் என்ன வரிசை என்பதைத் தன் ஆசை சொல்கிறது, கண் சொல்லவில்லை. மார்ச்சில் அழகு வேண்டும் என்று பார்த்தாள், இப்போது குற்றம் வேண்டும் என்று பார்த்திருக்கிறாள். இவளைவிடச் சின்னவள், செருப்பைத் தேய்த்து நடக்கிறவள், தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க எத்தனை மேடம் எண்ணுனீங்க?" என்று கேட்டாள் நஸ்ரின்.

"பத்து."

"அப்ப பத்துன்னே போட்டுடலாமா? உங்களுக்குத் தெரியாததா."

"எனக்கும் தெரியல. ஒன்பதுன்னு எழுது. எட்டாவதைத் தெரியலன்னு தனியா எழுது."

நஸ்ரின் எழுதினாள். மங்களேஸ்வரி தாளை வாங்கி, நின்றபடியே, கையெழுத்துக் கோட்டின் மேல் தன் பெயரை ஓர் எழுத்தும் விடாமல் எழுதினாள். அதன் கீழே தேதியைப் போட்டாள். மணி பன்னிரண்டு ஐம்பது. லிஃப்ட் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படிக்கட்டுக்குப் போய், எதிரே இறங்கி வந்துகொண்டிருந்த ஆளை ஒதுங்கச் சொல்லி, தாளைக் கையில் பிடித்தபடி மூன்றாவது மாடிக்கு ஏற ஆரம்பித்தாள்.